உங்கள் வீட்டுக் கணிப்பொறி உலகுக்குப் பதில் சொல்லுமா?



ஹோட்டலுக்குப் போகிறோம். மேசை முன் உட்கார்ந்ததும் சர்வர் வருகிறார். "இரண்டு இட்லி, ஒரு காபி" என்கிறோம். உள்ளே போய், கேட்டதைக் கொண்டுவந்து வைக்கிறார். நாம் கேட்காமல் அவர் எதையும் கொண்டுவருவதில்லை. கேட்ட பண்டம் தீர்ந்துபோயிருந்தால், "இல்லை" என்றாவது சொல்கிறார்.

இணையத்திலும் சர்வர்கள் உண்டு. அவற்றின் வேலையும் ஏறக்குறைய இதுவே. நீங்கள் கைப்பேசியில் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டினால், "அந்தப் பக்கத்தைக் கொடு" என்னும் வேண்டுகோள் எங்கோ இருக்கும் ஒரு கணிப்பொறிக்குப் போகிறது. அது பக்கத்தை எடுத்து அனுப்பிவைக்கிறது. அப்படிக் கொடுக்கும் கணிப்பொறிக்குத்தான் சர்வர் என்று பெயர்.

நாள் முழுவதும் நாம் வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறோம். செய்தி கேட்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், தேர்வு முடிவு கேட்கிறோம். ஒரு மாறுதலுக்கு, நம் வீட்டுக் கணிப்பொறி உலகத்தாருக்குப் பதில் சொல்லுமா? நம் மொட்டைமாடியில் நேற்றுப் பெய்த மழை எத்தனை மில்லிமீட்டர் என்று ஜப்பானில் இருக்கும் ஒருவர் நம் வீட்டுக் கணிப்பொறியையே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். ஆனால் வழியில் சில தடைகள் இருக்கின்றன. அவை எப்படி வந்தன, அவற்றை எப்படிக் கடப்பது என்று இங்கே காண்போம்.

மேசை மேல் இருந்த முதல் சர்வர்

சர்வர் என்றதும், குளிரூட்டிய பெரிய மண்டபத்தில் வரிசையாக நிற்கும் இரும்பு அலமாரிகள் பலருக்கு நினைவு வரும். அத்தகைய மண்டபங்களும் உண்டுதான். ஆனால் உலகின் முதல் வலைச் சர்வர் ஒரு மேசைக் கணிப்பொறி! சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகே 'செர்ன்' என்னும் அணுத்துகள் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ, 1990ஆம் ஆண்டின் இறுதியில், தம்மிடமிருந்த 'நெக்ஸ்ட்' கணிப்பொறியிலேயே அதை இயக்கினார். யாராவது தெரியாமல் அணைத்துவிட்டால் என்ன ஆவது? அதற்காக, 'இது ஒரு சர்வர். அணைக்காதீர்கள்' என்னும் பொருள்பட, சிவப்பு மையில் கையால் எழுதிய சீட்டு ஒன்று அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. வலைப்பக்கங்களைப் படிக்க உதவும் முதல் பிரவுசரை அவர் எழுதியதும் இதே கணிப்பொறியில்தான். கேட்பதும் கொடுப்பதும் ஒரே பெட்டி!

ஆகவே, எந்தக் கணிப்பொறியும் சர்வர் ஆகலாம். அதற்குரிய நிரல் அதில் ஓடினால் போதும். இன்று இதற்குப் பெரிய பொறி வேண்டியதில்லை. 2012இல் விற்பனைக்கு வந்த 'ராஸ்பெரி பை' என்னும் கணிப்பொறி உள்ளங்கையில் அடங்கும். அது ஏறத்தாழ 5 வாட் மின்சாரம் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 5 வாட் × 24 மணி × 30 நாள் = 3,600 வாட்-மணி; அதாவது மாதத்துக்கு 3.6 யூனிட். 100 வாட் வாங்கும் பழைய மேசைக் கணிப்பொறியை இரவு பகலாக ஓடவிட்டாலோ 72 யூனிட் ஆகிவிடும். சர்வர் தூங்கக்கூடாது அல்லவா? அதனால் இந்தக் கணக்கு முக்கியம்.

வீட்டுக்குள் ஒரு சோதனை

வீட்டில் ஒரு கணிப்பொறியும், ரூட்டரும், ஒரு கைப்பேசியும் இருந்தால் இந்தச் சோதனையை நீங்களே செய்யலாம். கணிப்பொறியில் 'பைதான்' மொழியை நிறுவினால், அதனுடன் ஒரு சிறிய சர்வர் நிரலும் இலவசமாகவே வருகிறது. ஒரே ஒரு வரிக் கட்டளையில் அது ஓடத் தொடங்கும். புதிதாக ஓர் உறை திறந்து, அதில் உங்கள் பெயரும் இன்றைய தேதியும் எழுதிய ஒரு பக்கத்தை மட்டும் வையுங்கள். வேறு எதையும் வைக்காதீர்கள். அந்த உறையில் உள்ள எல்லாவற்றையும் சர்வர் எடுத்துக் காட்டிவிடும்.

இப்போது அதே வை-ஃபையில் இணைந்திருக்கும் கைப்பேசியின் பிரவுசரில், கணிப்பொறியின் முகவரியைத் தட்டுங்கள். அது 192.168.1.5 என்பது போல இருக்கும். அதன் பின்னே ஒரு முக்காற்புள்ளியும் 8000 என்ற எண்ணும் சேருங்கள். உங்கள் பக்கம் வந்து நிற்கிறதா? உங்கள் கணிப்பொறி சர்வர் ஆகிவிட்டது!

இனி, வேறு தெருவில் இருக்கும் நண்பரிடம் அதே முகவரியைச் சொல்லி, அவர் வீட்டிலிருந்து தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுமே வராது. கணிப்பொறியும் ஓடுகிறது, இணைப்பும் இருக்கிறது. பிறகு ஏன் வரவில்லை?

பாதிச் சதுரங்கப் பலகை

இணையத்தில் செய்திகள் தபால் போலவே போகின்றன. ஒவ்வொரு செய்தியும் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் பெறுபவர் முகவரி, அனுப்புபவர் முகவரி இரண்டும் எழுதப்படுகின்றன. 1981இல் வெளியான விதிப்படி ஒரு முகவரிக்கு 32 இலக்கங்கள். ஒவ்வோர் இலக்கமும் 0 அல்லது 1. அதையே நாம் எளிதாகப் படிக்க நான்கு எண்களாகப் பிரித்து, இடையே புள்ளி வைத்து எழுதுகிறோம்.

இப்படி எத்தனை முகவரிகள் கிடைக்கும்? சதுரங்கம் கண்டுபிடித்தவர் அரசனிடம் தானியம் கேட்ட கதை உங்களுக்குத் தெரியுமல்லவா? முதல் கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். பலகையில் பாதியை, அதாவது 32 கட்டங்களை, நிரப்ப 4,29,49,67,295 மணிகள் தேவை. நமது முகவரிகளின் எண்ணிக்கை அதைவிட ஒன்றே ஒன்று கூடுதல்: 4,29,49,67,296. சுமார் 429 கோடி.

1981இல் உலக மக்கள்தொகையே ஏறத்தாழ 450 கோடிதான். பெரும்பாலான வீடுகளில் கணிப்பொறி என்ற பேச்சே இல்லாத காலம் அது. 429 கோடி முகவரிகள் தாராளம் என்று அன்று தோன்றியதில் வியப்பில்லை. இன்றோ மக்கள்தொகை 800 கோடியைத் தாண்டிவிட்டது. ஒருவரிடமே கைப்பேசி, மடிக்கணிப்பொறி, தொலைக்காட்சி என்று பல கருவிகள். கையிருப்பில் கடைசியாக எஞ்சியிருந்த பெரிய முகவரித் தொகுதிகள், 2011 பிப்ரவரி 3ஆம் நாள், உலகின் ஐந்து வட்டார அமைப்புகளுக்கும் பகிர்ந்து கொடுக்கப்பட்டுவிட்டன. நடு அலமாரி காலி!

வாயில் காவலரின் நோட்டு

இந்தத் தட்டுப்பாடு வரும் என்று முன்பே உணர்ந்தவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். பல குடித்தனங்கள் இருக்கும் ஒரு பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தெருவுக்குத் தெரிவது ஒரே கதவெண். வாயிலில் ஒரு காவலர், கையில் ஒரு நோட்டு. உள்ளே இருப்பவர் ஒருவர் கடிதம் அனுப்பினால், காவலர் அதில் வீட்டின் பொதுக் கதவெண்ணை எழுதி வெளியே அனுப்புகிறார். 'மூன்றாம் குடித்தனக்காரர் இன்னாருக்குக் கடிதம் போட்டிருக்கிறார்' என்று நோட்டில் குறித்துக்கொள்கிறார். பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து, உரியவரிடம் கொடுத்துவிடுகிறார்.

உங்கள் வீட்டு ரூட்டர்தான் அந்தக் காவலர். 192.168 என்று தொடங்கும் முகவரிகள் வீட்டுக்குள் மட்டும் செல்லும் அறை எண்கள். உலகில் கோடிக்கணக்கான வீடுகளில் இதே எண்கள் புழங்குகின்றன. உங்கள் நண்பர் அதைத் தட்டியபோது, அவர் தம் சொந்த வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தார்!

சரி, அவர் உங்கள் வீட்டின் பொதுக் கதவெண்ணையே தட்டினால்? அப்போதும் பயனில்லை. நோட்டில் குறிப்பு இல்லாமல் வெளியிலிருந்து ஒரு கடிதம் வருகிறது. யாருக்கு என்று காவலருக்குத் தெரியவில்லை. கீழே போட்டுவிடுகிறார். கேட்பவருக்கு வசதியான இந்த ஏற்பாடு, பதில் சொல்ல விரும்புபவருக்குப் பூட்டிய கதவாக நிற்கிறது.

கதவைத் திறக்கும் வழிகள்

முதல் வழி, காவலரிடம் நிலையான உத்தரவு கொடுத்துவைப்பது. ஒவ்வொரு கணிப்பொறிக்கும் 0 முதல் 65,535 வரை 'போர்ட்' எனப்படும் எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு சேவைக்குரிய சன்னல் போன்றது. வலைப்பக்கங்களுக்கு வழக்கமான சன்னல் 80. பூட்டிய உறையில் வைத்ததுபோல் மறைமொழியில் அனுப்பும் வலைப்பக்கங்களுக்கு 443. "443ஆம் சன்னலுக்கு யார் வந்தாலும் ராஸ்பெரி பையிடம் அனுப்பு" என்று ரூட்டரில் எழுதிவைக்கலாம். இதைப் 'போர்ட் ஃபார்வர்டிங்' என்கிறார்கள்.

ஆனால் பல ஊர்களில் இதுவும் பலிப்பதில்லை. காரணம், முகவரித் தட்டுப்பாடு முற்றியதால், இணைப்புக் கொடுக்கும் நிறுவனமே தெருமுனையில் இன்னொரு காவலரை நிறுத்திவிடுகிறது. தெருவில் உள்ள எல்லா வீடுகளுக்கும் சேர்த்து ஒரே கதவெண்! அந்தத் தெருமுனைக் காவலர் நம் உத்தரவைக் கேட்கமாட்டார். தனக்கென்று நிலையான முகவரி வேண்டுவோர் பெரும்பாலும் கூடுதல் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வழி, நோயின் மூலத்துக்கே மருந்து. புதிய முகவரி முறை ஒன்று 1995இலேயே வகுக்கப்பட்டது. 2012 ஜூன் 6ஆம் நாள் பல பெரிய இணையதளங்களும் நிறுவனங்களும் அதை நிரந்தரமாக இயக்கத் தொடங்கின. ஐபி ஆறாம் பதிப்பு என்னும் அந்த முறையில் முகவரிக்கு 128 இலக்கங்கள். பாதிப் பலகை அல்ல, இரண்டு முழுப் பலகைகள்! கிடைக்கும் எண்ணிக்கையை எழுத 39 இலக்கங்கள் வேண்டும். வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் உலகில் வேறெங்கும் இல்லாத முகவரி ஒன்றைத் தரலாம். இம்முறையை மிகுதியாகப் பயன்படுத்தும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. இங்கும் ரூட்டர் அந்நியரைத் தடுக்கும். ஆனால் அனுமதிக்கச் சொன்னால் அனுமதிக்கும். ஒரே குறை: பழைய முறை மட்டும் உள்ள இடத்திலிருந்து கேட்பவர் நம்மை அடைய முடியாது.

மூன்றாவது வழி சாமர்த்தியமானது. உள்ளிருந்து தொடங்கும் கடிதத்துக்குப் பதில் வரலாம் என்பது காவலரின் விதி அல்லவா? பொது முகவரி உள்ள வேறொரு கணிப்பொறிக்கு நம் சர்வரே முதலில் கடிதம் போட்டு, அந்தத் தொடர்பை அறுக்காமல் வைத்துக்கொள்கிறது. வெளியார் கேள்விகள் அந்தக் கணிப்பொறிக்குப் போய், பதில்போல நம்மிடம் வந்து சேர்கின்றன. இதற்குச் 'சுரங்கம்' என்று பெயர். ஆனால் இடையில் இருப்பவர் நின்றால் நம் சர்வரும் ஊமையாகிவிடும்.

மாறும் எண், மாறாத பெயர்

இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டு இணைப்பின் பொது முகவரி பெரும்பாலும் நிலையானதல்ல. ரூட்டரை அணைத்துப் போட்டாலே மாறிவிடக்கூடும். ஊருக்கெல்லாம் முகவரியைச் சொல்லிவிட்டு, மறுநாள் வீடு மாற்றியது போலாகிவிடும்.

இதற்குப் பெயர்கள் உதவுகின்றன. பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் 'டிஎன்எஸ்' என்னும் முறையை 1983இல் பால் மொகபெட்ரிஸ் வகுத்தார். நம் வீட்டில் ஒரு சிறு நிரல், சில நிமிடங்களுக்கு ஒரு முறை தன் பொது முகவரியைப் பார்த்து, மாறியிருந்தால் பெயர்ப் பட்டியலில் திருத்தச் சொல்லும். எண் மாறினாலும் பெயர் மாறாது.

வரும் பாதையும் போகும் பாதையும்

வீட்டு இணைப்புகள் பல, கேட்பவருக்காகவே போடப்பட்டவை. தொலைபேசிக் கம்பியில் வந்த ஏடிஎஸ்எல் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1999இன் தரப்படி, வீட்டுக்குள் வரும் பாதை வினாடிக்கு 8 மெகாபிட் வரை. வெளியே போகும் பாதையோ சுமார் 1 மெகாபிட்தான். சர்வருக்கு வேண்டியது போகும் பாதை! பல ஒளியிழை இணைப்புகளில் இரண்டும் சமமாக இருக்கின்றன. 'அப்லோடு' வேகம் எவ்வளவு என்று பாருங்கள்.

வினாடிக்கு 1 மெகாபிட் என்பது மிகக் குறைவா? கணக்கிடுவோம். 2 மெகாபைட் அளவுள்ள ஒரு புகைப்படம் 16 மெகாபிட் ஆகும். அது போய்ச்சேர 16 வினாடிகள் ஆகும். கேட்பவர் சலித்துப் போவார். ஆனால் எழுத்து மட்டும் உள்ள 20 கிலோபைட் பக்கம் வெறும் 160 கிலோபிட். வினாடிக்கு ஆறு பக்கங்கள் அனுப்பலாம். ஒரு நாளைக்கு 86,400 வினாடிகள். அப்படியானால், இடைவிடாமல் அனுப்பினால், நாளொன்றுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள்! ஒடுங்கிய பாதையும் எழுத்துக்குப் போதும்.

கதவைத் தட்டுபவர்கள்

திறந்த கதவு வழியே விருந்தாளி மட்டுமா வருவார்? "என் சிறிய சர்வரை யார் கண்டுபிடிக்கப்போகிறார்கள்" என்று எண்ணாதீர்கள். 2013இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நிரலை வெளியிட்டார்கள். வேகமான இணைப்பு இருந்தால், ஒரே கணிப்பொறியைக் கொண்டு, பழைய முறையின் பொது முகவரிகள் அத்தனையையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று அது காட்டியது. ஆய்வாளர் செய்வதைத் திருடனும் செய்வான்.

2016இல் 'மிராய்' என்னும் தீய நிரல் பரவியது. வீடுகளிலும் கடைகளிலும் இருந்த காமிராக்களையும் ரூட்டர்களையும் அது தேடியது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாதவர்கள் மிகப் பலர். வழக்கமான 60க்கும் மேற்பட்ட பெயர்-கடவுச்சொல் ஜோடிகளை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், அந்தக் கருவிகள் ஒரு டிஎன்எஸ் நிறுவனத்தின் மேல் வேண்டுகோள்களைக் கொட்டின. பெயரைக் கேட்டால் எண் சொல்ல ஆளில்லாமல், அமெரிக்காவில் பெரிய பெரிய இணையதளங்கள் பல மணி நேரம் எட்டாமற்போயின. கருவிகளின் சொந்தக்காரர்கள் பலருக்கு நடந்ததே தெரியாது!

நம் வீட்டில் ஒரு கதவு சரியாகப் பூட்டப்படாமல் இருந்தால், துன்பம் நம்மோடு நிற்பதில்லை. ஆகவே சர்வர் வைப்பவருக்குச் சில கடமைகள் உண்டு:

1. முதலில் பெற்றோரின் அனுமதி பெறுங்கள். இணைப்பு ஒப்பந்தம் சர்வர் வைக்க இடம் தருகிறதா என்றும் படித்துப் பாருங்கள்.

2. சோதனைக்கு எழுதிய சிறு சர்வரை வெளியுலகுக்குத் திறக்காதீர்கள். 'அப்பாச்சி', 'எஞ்சின்எக்ஸ்' போன்ற, பலர் பயன்படுத்தித் தேர்ந்த நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

3. வீட்டாரின் புகைப்படங்களும் கணக்கு வழக்குகளும் உள்ள கணிப்பொறியைச் சர்வர் ஆக்காதீர்கள். அதற்கெனத் தனிக் கருவி வையுங்கள்.

4. வேண்டிய சன்னலை மட்டும் திறவுங்கள். தொழிற்சாலைக் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள். நிரலின் திருத்தங்களைத் தவறாமல் ஏற்றுங்கள்.

5. உங்கள் வீட்டு விலாசம், பள்ளி, கைப்பேசி எண் எதையும் பக்கத்தில் எழுதாதீர்கள். எழுதியவற்றுக்கு வேறிடத்தில் ஒரு நகல் வையுங்கள்.

இத்தனை பாடு எதற்கு?

"பெரிய நிறுவனங்கள் இலவசமாகவே இடம் கொடுக்கின்றனவே!" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மருத்துவமனைக்கோ வங்கிக்கோ வீட்டுச் சர்வர் ஏற்றதல்ல. மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். ஆனால் இரவல் இடத்துக்கும் ஓர் அபாயம் உண்டு. 'ஜியோசிட்டீஸ்' என்னும் இலவச இடத்தில் 1990களில் லட்சக்கணக்கானோர் தங்கள் பக்கங்களை எழுதிவைத்தார்கள். 2009 அக்டோபரில் அதை நடத்திய நிறுவனம் அதை மூடிவிட்டது. தன்னார்வலர்கள் ஓடிவந்து ஒரு பகுதியைக் காப்பாற்றினார்கள். மற்றவை போயின. எழுதியவை நம் கையில் இருந்தால், எப்போது மூடுவது என்பதும் நம் கையில் இருக்கும்.

சிறிய செய்திக்கும் மதிப்பு உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், காபிப் பாத்திரத்தில் காபி இருக்கிறதா என்று அறிய 1991இல் அதற்கு எதிரே ஒரு காமிரா வைத்தார்கள். 1993 முதல் அந்தப் படம் இணையத்தில் வந்தது. ஒரு காபிப் பாத்திரத்தை, 2001இல் நிறுத்தும் வரை, உலகெங்குமிருந்து மக்கள் பார்த்து ரசித்தார்கள்! உங்கள் ஊர் மழை அளவும், உங்கள் தெரு மரங்களின் பட்டியலும் அதற்குக் குறைந்தவையா?

இன்று மாலையே வேலையைத் தொடங்கலாம். பெரியவர்களின் துணையோடு ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, வெளிப்பக்க முகவரி என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். அது 10 என்றோ, 100.64 முதல் 100.127 வரையிலான எண்களிலோ தொடங்கினால், உங்கள் தெருமுனையில் காவலர் நிற்கிறார் என்று பொருள். அப்படியானால் அடுத்துப் பாருங்கள்: ஐபி ஆறாம் பதிப்பு முகவரி ஒன்றும் உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறதா?